படந்திருத்தும் கருவியும் பார்க்கும் கண்ணும்

நம் கல்லூரியிற் பயிலும் மாணவருள், கணிப்பொறியில் நிழற்படங்களைத் திருத்தவும் இணைக்கவும் அறியாதார் இந்நாளில் மிகச் சிலரே. கல்லூரி நாள் விழாவுக்குரிய சுவரொட்டியாயினும், விடுதிப் பொங்கலுக்குரிய அழைப்பாயினும், முன்னாளில் அச்சகத்தாரிடம் பன்முறை நடந்து பெற்றுவந்த வேலையை இன்று முதலாண்டு மாணவர் ஒருவர் தம் அறையிலிருந்தபடியே ஒரு மாலைப்பொழுதில் முடித்துவிடுகின்றார். பௌதிகம் பயில்வாரும், பொருளாதாரம் பயில்வாரும், தமிழிலக்கியம் பயில்வாரும் இதில் வேறுபாடின்றி ஈடுபடுகின்றனர். இது நாம் மகிழ்தற்குரிய செய்தியே.

ஆயினும், அம்மகிழ்ச்சியோடு ஒரு குறையையும் சொல்லாதிருக்க நம்மால் இயலவில்லை. கடந்த ஓராண்டில் நம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பெற்ற சுவரொட்டிகளை வரிசையாக நினைவிற் கொணர்ந்து பாருங்கள். நிழலெல்லாம் நீலம், வெளிச்சமெல்லாம் செம்மஞ்சள், பின்னணியிற் புகை, புகையினூடே தீப்பொறி, நடுவிலே சிறப்பு விருந்தினரின் முகம், சினிமா நாயகனின் முதற்காட்சியிற் போல. கம்பன் விழாவுக்கும் அதே புகை. இரத்ததான முகாமுக்கும் அதே தீப்பொறி. இரத்ததானத்துக்கும் தீப்பொறிக்கும் உள்ள இயைபு யாதென்பதை நாம் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கின்றோம்.

இதற்குக் காரணம் மாணவரது சோம்பலன்று. அவர்கள் இரவெல்லாம் விழித்து உழைக்கின்றனர். கற்ற முறையே காரணம். ஐந்து நிமிடக் காணொளி ஒன்று, முதலில் இதனை அழுத்துக, பின்னர் அதனை அழுத்துக என்று கூறுகின்றது. மாணவர் அவ்வண்ணமே அழுத்துகின்றார். காணொளியிற் கண்ட படமே தம் திரையிலும் தோன்றுகின்றது. எந்தப் பொத்தான் எதற்கு என்பது தெரிகின்றது; அஃது ஏன் அவ்வாறு செய்கின்றது என்பது தெரிவதில்லை. சுரம் அறியாது, விரல் வைக்குமிடம் மட்டும் அறிந்து வீணை வாசிப்பதை இஃது ஒக்கும். ஒரு பாட்டு வரும், மறுபாட்டு வராது.

இக்கருவிகளை ஆக்கியோர் அவற்றை அவ்வாறு கையாளவில்லை என்பதை முதலிற் கூறுதல் வேண்டும். இன்று உலகெங்கும் பெயர்பெற்ற போட்டோஷாப் என்னும் மென்பொருள், அமெரிக்க நாட்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த தாமஸ் நோல் என்பார் 1987 ஆம் ஆண்டில் எழுதிய ஒரு சிறு நிரலிலிருந்து பிறந்தது. அவரிடமிருந்த கணிப்பொறியின் திரை கறுப்பும் வெளுப்பும் மட்டுமே காட்டவல்லது. அதிற் சாம்பல் நிறச் சாயைகளையும் தோன்றச் செய்தல் கூடுமோ என்று அவர் முயன்றார். அம்முயற்சியே வித்து. திரைப்படத் தந்திரக்காட்சிகளை ஆக்கும் நிறுவனமொன்றிற் பணியாற்றிய அவருடைய உடன்பிறந்தார் ஜான் நோல், இதனை வளர்க்குமாறு தூண்டினார். 1990 ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்களில் அடோபி நிறுவனத்தார் அதனை வெளியிட்டனர். இவ்விருவரும் இளமையில் தம் தந்தையார் வீட்டில் வைத்திருந்த இருட்டறையிலே நிழற்படம் கழுவக் கற்றவர்கள் என்பது நோக்கத்தக்கது. கணிப்பொறியில் அவர்கள் கட்டியது அவ்விருட்டறையையே எனலாம்.

விலையின்றிக் கிடைக்கும் ஜிம்ப் என்னும் மென்பொருளின் வரலாறு நமக்கு இன்னும் நெருக்கமானது. 1995 ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பர்க்லிக் கல்லூரியிற் பயின்ற ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்னும் இரு மாணவர் ஒரு திட்டவேலையாக அதனைத் தொடங்கினர். அடுத்த ஆண்டிலேயே யாவரும் எடுத்தாளுமாறு வெளியிட்டும்விட்டனர். ஜிம்ப் தன் படங்களைச் சேமிக்கும் கோப்புக்கு எக்ஸ்.சி.எஃப். என்று பெயர். அஃது அம்மாணவர் கூடிய கணிப்பொறிக் கழகத்தின் பெயர்ச் சுருக்கமேயாம். மாணவர் சங்கமொன்றின் பெயர் ஏறக்குறைய முப்பதாண்டுக் காலமாக உலகெங்கும் ஒரு கோப்பின் வாலில் ஒட்டிக்கொண்டிருப்பதை எண்ணுங்கால் நமக்குச் சற்றுப் பொறாமையும் உண்டாகின்றது.

இருட்டறை என்று கூறினோம். படத்தைத் திருத்துவது கணிப்பொறி வந்தபின் தோன்றிய பொய்த்தொழில் என்று நம் ஆசிரியருள்ளும் சிலர் கருதுகின்றனர். நிழற்படக் கலையின் வரலாறு அதனை ஒப்பவில்லை. போட்டோஷாப்பிலே, சிறு தண்டின் நுனியில் ஒரு வட்டம் அமைந்த குறியும், விரல்களைக் குவித்த கையின் குறியும் அருகருகே இருத்தலை மாணவர் கண்டிருப்பர். இருட்டறையில் தாளின்மேல் ஒளி விழும்போது, கம்பியில் ஒட்டிய அட்டை வட்டத்தால் ஓரிடத்தை மறைத்தால் அவ்விடம் வெளுக்கும். கையைக் குவித்து அதன் துளைவழியே ஓரிடத்துக்கு மட்டும் மிகுதியாக ஒளியை விட்டால் அவ்விடம் கறுக்கும். அவ்விரு செயல்களின் ஓவியமே அக்குறிகள். ஆன்சல் ஆடம்ஸ் என்னும் அமெரிக்க நிழற்படக் கலைஞர், 1941 ஆம் ஆண்டில் நியூமெக்சிக்கோ மாகாணத்து எர்னாண்டஸ் என்னும் சிற்றூரின்மேல் நிலவெழுவதைப் படம்பிடித்தார். பின்னர்ப் பல்லாண்டுகள் அந்த ஒரே நெகடிவிலிருந்து படிகள் எடுத்து, வானத்தை மேலும் மேலும் கறுக்கச் செய்துகொண்டே வந்தார். நெகடிவ் சுரக்குறிப்பு என்றும், அதிலிருந்து எடுக்கும் படி கச்சேரி என்றும் அவர் கருதினார். அதற்கும் முன்னர், 1857 ஆம் ஆண்டில் ஆஸ்கர் ரேலண்டர் என்பார் ஏறக்குறைய முப்பது நெகடிவ்களை ஒருங்கிணைத்து வாழ்வின் இருவழிகளைக் காட்டும் பெரும்படமொன்றை ஆக்கி, இங்கிலாந்து தேயத்து மான்செஸ்டர் நகர்க் கண்காட்சியில் வைத்தார். சிலர் சீறினர், விக்டோரியா அரசியாரோ ஒரு படியை விலைக்கு வாங்கினார்.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. சென்னை இராணுவத்தில் அதிகாரியாயிருந்த லின்னேயஸ் டிரைப் என்பார், 1858 ஆம் ஆண்டில் மதுரை, தஞ்சை, திருச்சிராப்பள்ளி முதலிய ஊர்களின் கோயில்களையும் மண்டபங்களையும் படம்பிடித்தார். அக்காலத்து மெழுகுத்தாள் நெகடிவ்கள் நீல ஒளிக்கு மிகையாக இளகுவன. ஆதலின் வானம் யாதொரு மேகமுமின்றி வெறும் வெண்மையாகவே பதியும். டிரைப் தம் நெகடிவ்கள் பலவற்றில் வண்ணப்பொடியைத் தூரிகையாற் பூசி, மேகங்களைத் தாமே வரைந்தார்; மரங்களின் இலைத்தொகுதிகளையும் அங்ஙனமே சீர்செய்தார். மதுரையின் வானிலே நாம் இன்று அப்படங்களிற் காணும் மேகங்களுட் சில, மழையறியாத மேகங்கள்.

அதே டிரைப், தஞ்சைப் பெருங்கோயிலின் அடித்தளத்திற் பொறித்த கல்வெட்டையும் படம்பிடித்தார். ஒரே படத்தில் அஃது அடங்காது. ஆகவே பெட்டியைச் சிறிது சிறிதாக நகர்த்தி, 21 படங்கள் எடுத்து, விளிம்போடு விளிம்பு பொருந்த ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். மேகம் வரைந்த கை, கல்வெட்டில் ஓர் எழுத்தையும் வரையத் துணிந்திலது. வரைந்திருந்தால் அச்சுருள் ஒரு காசுக்கும் பெறாது. திருத்தலாமா திருத்தலாகாதா என்று பொதுவாகக் கேட்பதிற் பயனில்லை என்பதும், இப்படம் யாருக்கு எதற்குச் சாட்சியாய் நிற்கின்றது என்று கேட்டல் வேண்டும் என்பதும் நமது கருத்து. வானம் சாட்சியன்று, கல்வெட்டு சாட்சி. 1982 ஆம் ஆண்டு பெப்ருவரி இதழின் அட்டைக்காக, நேஷனல் ஜியாகிரபிக் பத்திரிகையார் எகிப்து நாட்டுப் பிரமிடுகள் இரண்டை ஒன்றையொன்று நெருங்குமாறு கணிப்பொறியால் நகர்த்தினர். அட்டை குறுக்கு அளவினது, படம் அகன்றது என்பதே காரணம். ஒரு விளம்பரத்தாளில் அதனைச் செய்திருந்தால் யாரும் வாய்திறந்திரார். உள்ளதை உள்ளவாறு காட்டுவோம் என்னும் பத்திரிகை செய்ததனாலேயே இன்றுவரை அஃது எடுத்துப் பேசப்படுகின்றது.

இனி, கற்கும் முறையைப் பற்றிச் சிறிது கூறுவோம். கணிப்பொறிப் படம் என்பது எண்களாலான பாய். 1957 ஆம் ஆண்டில் ரசல் கிர்ஷ் என்பார் தம் பச்சிளங்குழந்தையின் படத்தை முதன்முதலாகக் கணிப்பொறிக்குள் செலுத்தியபோது, அது நெடுக்கே 176, குறுக்கே 176 ஆகிய கட்டங்களே உடையதாயிருந்தது, மொத்தம் 30,976. இன்று நம் கைப்பேசி எடுக்கும் படத்திற் கட்டங்கள் கோடிக்கணக்கில் உள்ளன. தத்துவம் மட்டும் மாறவில்லை. சாதாரணப் படத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்றுக்கும் 0 முதல் 255 வரை ஒவ்வோர் எண் உண்டு. ஆதலின் கூடிய நிறங்கள் 1,67,77,216. இதனை உணர்ந்த மாணவருக்குக் ‘கர்வ்ஸ்’ என்னும் வளைகோடு மந்திரமாகத் தோன்றாது. கீழ்க்கோட்டில் இருக்கும் எண்ணுக்குப் பதிலாக இந்த எண்ணை வைக்க என்று கட்டளையிடும் வாய்பாடே அது.

லேயர்களை ஒன்றன்மேலொன்றாக வைத்துக் கலக்கும் முறைகளும் இத்தகையனவே. மாணவர் பலர் அப்பட்டியலை மேலிருந்து கீழாகச் சோதித்து, எது அழகாயிருக்கின்றதோ அதனை வைத்துக்கொள்கின்றனர். ‘மல்டிப்ளை’ என்பது உண்மையிலேயே பெருக்கல் கணக்கு. வெள்ளையை ஒன்று என்றும் கறுப்பைச் சுழி என்றும் கொள்க. ஒன்றாற் பெருக்கினால் எண் மாறாது. சுழியாற் பெருக்கினால் சுழியே. ஆகவே வெள்ளைத் தாளில் மையால் எழுதிய கையெழுத்தை இம்முறையால் ஒரு படத்தின்மேல் வைத்தால், தாள் மறைந்து மை மட்டும் நிற்கும். ‘ஸ்கிரீன்’ என்பது இதன் மறுதலை. அங்கே கறுப்பு மறையும், வெள்ளை நிற்கும். சாணமிட்டு மெழுகிய முற்றத்தில் அரிசிமாவாலிட்ட கோலத்தைப் படம்பிடித்து, வளைகோட்டால் தரையை நன்கு கறுக்கச் செய்து, ஸ்கிரீன் முறையில் வேறொரு படத்தின்மேல் வைத்துப் பாருங்கள். தரை அகன்று கோலம் மட்டும் நிற்கும். விரலிடையிலிருந்து மாவு சிந்திய துகளும் நிற்கும். எந்தக் காணொளியும் கற்பிக்காத படமொன்று அப்போது உங்கள் கைக்கு வரும். ஏனெனில் அக்கோலம் உங்கள் தாயார் இட்டது.

அழிப்பானைக் கையாளுதலைக் கைவிட்டு, ‘மாஸ்க்’ என்னும் மறைப்பைப் பழகுதலும் இன்றியமையாதது. அழித்தது போயிற்று, மறைத்ததோ, வெள்ளைத் தூரிகையால் தடவ மீண்டும் வரும். மனம் மாறுவதற்கு இடம் வைத்துக்கொண்டு வேலை செய்பவரே துணிந்து சோதனை செய்கின்றார். 2025 ஆம் ஆண்டில் வெளிவந்த ஜிம்ப்பின் மூன்றாம் பதிப்பு, வடிகட்டிகளையும் இங்ஙனம் பின்னர் மாற்றத்தக்கனவாகச் செய்திருத்தல் பெரும் நன்மை. ஜே.பெக் கோப்பைத் திருத்தித் திருத்தி மீண்டும் ஜே.பெக்காகவே சேமிக்கும் வழக்கத்தையும் விட்டொழித்தல் நலம். ஒவ்வொரு சேமிப்பிலும் படம் சிறிது தேய்கின்றது.

ஒரு திங்கள் முழுவதும் ஒரே படத்தை வைத்துக்கொண்டு உழைக்குமாறு நாம் மாணவரை வேண்டுகின்றோம். நம் முற்றத்து வேப்பமரமே போதும். முதல் வாரத்தில் நிறத்தை நீக்கிவிடுங்கள். கறுப்பு வெளுப்பில், வளைகோடு ஒன்றனை மட்டுமே கொண்டு, அதனை நண்பகல் மரமாகவும் அந்தி மரமாகவும் ஆக்க இயலுமா என்று பாருங்கள். இயலாதபோதுதான், அந்தியிலே மரம் எவ்வாறிருக்கின்றதென்று வெளியே சென்று பார்க்கத் தோன்றும். கருவியைக் குறைக்கக் குறைக்கக் கண் வேலை செய்யத் தொடங்குகின்றது. நிறத்தைப் பின்னர்ச் சேர்த்துக்கொள்ளலாம்.

தமிழெழுத்தைப் பற்றியும் ஒரு சொல். சுவரொட்டிகளில் கொம்பும் காலும் இடம்பெயர்ந்து, ‘கொ’ என்பது மூன்று துண்டாகச் சிதறிக் கிடக்கும் அவலத்தை நாம் அடிக்கடி காண்கின்றோம். போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில், தெற்காசிய மொழிகளுக்குரிய எழுத்தமைப்பை விருப்பத்தேர்விற் சென்று குறித்தாலன்றித் தமிழ் ஒழுங்காக அமையாது. அரை நிமிட வேலை. தீப்பொறிக்கு மூன்று மணிநேரம் செலவிடும் அன்பர், தாய்மொழிக்கு அரை நிமிடம் ஈதல் கூடாதா?

நாம் முக்கியமாகச் சொல்லக் கருதிய விஷயத்துக்கு இப்போது வருகின்றோம். ஆண்டுதோறும் இம்மலருக்காக வகுப்புவாரியாகப் படம் எடுக்கப்பெறுகின்றது. சில ஆண்டுகளுக்கு முன்னர், நிழற்பட நிலையத்தார் ஒருவர் அனுப்பிய படங்களில் மாணவர் முகங்கள் அனைத்தும் ஒரே வெளிறிய நிறமாக வந்தன. கரிசல் நாட்டிலிருந்து வந்த மாணவியொருவர் தம் படத்தை நெடுநேரம் நோக்கியிருந்து, “இந்தப் படத்தை ஊருக்கு அனுப்பினால் எங்கள் ஆத்தா இது யாரென்று கேட்பார்களே ஐயா” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கேட்ட நமக்குச் சிரிப்பு வரவில்லை. நிலையத்தாரை வினவியபோது, எல்லாரும் இப்படித்தான் விரும்புகின்றார்கள், இதற்கென்று தனிக்கட்டணம் வாங்குவதில்லை என்று அன்போடு விடை கூறினார்.

இந்நோய் மென்பொருளோடு தோன்றியதன்று. வண்ணப்படம் கழுவும் நிலையங்களில் நிறத்தைச் சரிபார்ப்பதற்காகக் கோடாக் நிறுவனத்தார் பல்லாண்டுகள் அனுப்பிவந்த மாதிரி அட்டையில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவரின் உருவம். ஷர்லி அட்டை என்றே அதற்குப் பெயர். அவர் முகம் சரியாக வந்தால் உலகத்தார் முகமெல்லாம் சரி என்பது கணக்கு. நிழற்படம் கறுத்த முகத்தைச் செம்மையாகக் காட்டத் தவறியது கறுத்த முகத்தின் குற்றமாகவே கொள்ளப்பட்டது. இன்று பல கைப்பேசிகள், கேளாமலே முகத்தை வழுவழுப்பாக்கி வெளிறச் செய்கின்றன. நம் மாணவரும் மென்பொருளைத் திறந்தவுடன் முதலிற் கற்பது இதனையே. நண்பர் ஒருவரின் பிறந்தநாளுக்கு வாழ்த்துப்படம் செய்யுமிடத்து, அவருடைய நிறத்தை மாற்றுவது அவருக்குச் செய்யும் உபகாரம் என்று மெய்யாகவே நம்புகின்றனர்.

முன்னர்க் கூறிய கேள்வியை இங்கும் கேட்போம். இப்படம் எதற்குச் சாட்சி? இன்ன ஆண்டில் இன்னார் இக்கல்லூரியிற் பயின்றார் என்பதற்குச் சாட்சி. ஐம்பதாண்டு கழித்துப் பேரப்பிள்ளைகள் எடுத்துப் பார்க்கும் ஏடு இது. இதில் முகத்தின் நிறத்தை மாற்றுவது கல்வெட்டில் எழுத்தை மாற்றுவதோடு ஒக்கும். அதனினும் கொடிது என்றும் கூறலாம்; கல்லுக்கு மனம் நோவதில்லை.

இதனை அறவுரையாக மட்டும் கூறுகின்றோம் என்று மாணவர் கருதற்க. கலையின் பொருட்டும் கூறுகின்றோம். கறுத்த மேனி ஒளியை வாங்கும் அழகு தனி. நெற்றியின் மேட்டில் வானத்தின் நீலம் சிறிது படியும். கன்னத்தின் ஓரத்திற் செம்பின் சாயல் தோன்றும். கழுத்து நிழலில் ஊதா கலந்திருக்கும். முகம் முழுவதையும் ஒருசேர வெளுக்கச் செய்பவர் இவை மூன்றையும் ஒரே சாம்பற்பூச்சில் இழந்துவிடுகின்றார். செய்யவேண்டுவது வேறு. படம் இருண்டிருந்தால், மறைப்பு ஒன்றனை இட்டு, வளைகோட்டின் கீழ்ப்பாதியைச் சிறிதே உயர்த்தி, கண்களும் புருவ நிழலும் தெளியுமாறு விடுதல் வேண்டும். நெற்றியின் ஒளிப்புள்ளியைத் தொடாது காத்தல் வேண்டும். நிறத்தின் சாயலை மாற்றும் கோலை அசைத்தலாகாது. இதற்கு இரண்டு நிமிடமன்று, இருபது நிமிடம் வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, படம் எடுக்கும்போதே அன்பரை உச்சிவெயிலிலிருந்து அழைத்துவந்து சன்னலருகே நிறுத்தல் வேண்டும். நம் நூலகத்தின் வடபுறச் சன்னல்கள் இதற்கு மிக ஏற்றவை.

2023 ஆம் ஆண்டு முதல், சொல்லை எழுதினாற் படத்தின் வெற்றிடத்தைத் தானே நிரப்பும் ஆற்றலும் போட்டோஷாப்பிற் சேர்ந்துள்ளது. இதனால் மேற்கூறிய பயிற்சிகள் யாவும் வீண் என்று சில மாணவர் நம்மிடம் வாதிட்டனர். பொறி நிரப்பியது நன்றாயிருக்கின்றதா இல்லையா என்று தேர்வதற்கும் ஒரு கண் வேண்டுமன்றோ? அக்கண்ணைப் பொறி தருவதில்லை. மேலும், தனக்குக் காட்டப்பெற்ற எண்ணிறந்த படங்களின் சாயலிலேயே அது நிரப்புகின்றது. நம் ஊர்த் திண்ணையையும் நம் மக்கள் முகத்தையும் அது எத்தனை முறை கண்டிருக்கும் என்பதை மாணவரே சோதித்தறியலாம்.

பொருட்செலவைக் காரணங்காட்டுவோர்க்கு விடை எளிது. ஜிம்ப், கிருத்தா என்பன விலையின்றிக் கிடைக்கின்றன. நம் ஆய்வகத்துப் பழைய கணிப்பொறிகளிலும் ஜிம்ப் இயங்கும். கடையிற் கள்ளப்பதிப்பை ஏற்றிக்கொண்டு வருவதற்கு இனி ஒரு நியாயமும் இல்லை.

ஆதலின் கல்லூரித் தலைவர்க்கும் மலர்க்குழுவினர்க்கும் நமது விண்ணப்பம் இது. வாரத்துக்கு ஒரு மாலை, இரண்டு மணிநேரம், ஆய்வகத்தை இதற்கென்று திறந்துவிடுக. ஒளியைப் பற்றிப் பௌதிக ஆசிரியர் ஒரு நாளும், எழுத்தமைப்பைப் பற்றித் தமிழாசிரியர் ஒரு நாளும் பேசுக. ஏனைய நாட்களில் மாணவர் தாமே முயல்க. வரும் ஆண்டு மலரில் நான்கு பக்கங்களை அவர்களுக்கு ஒதுக்கி, எடுத்த படத்தையும் ஆக்கிய படத்தையும் அருகருகே அச்சிடுக. வகுப்புப் படங்களை ஒப்படைக்கும்போது, முகங்களின் நிறத்தைத் தொடலாகாது என்று நிழற்பட நிலையத்தாருக்கு எழுத்து மூலமாகவே தெரிவித்துவிடுக. அவர் அதற்குக் கூடுதற்கட்டணம் கேட்பாராயின், அதனைப் பழைய மாணவர் சங்கத்தார் கொடுக்க இசைந்துள்ளனர்.